வண்டி நிற்காத வீடு

பிரிட்டோ தண்ணீரில் மூழ்கிச் செத்ததற்கு மறு டிசம்பரில், கிறிஸ்துமஸ் தாத்தா உடுப்போடு வந்து கிளப் வண்டியில் ஏறிக்கொண்டான். அந்த ஆண்டு வசூல் முந்தைய ஆண்டைவிட இரண்டு மடங்கு.

மரக்காணத்தில் கிளப் என்றால் கிழக்குக் கரை சேவா கிளப்தான். உப்பள முதலாளிகள், இறால் பண்ணைக்காரர்கள், மருந்துக் கடைக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்று முப்பது பேர் இருப்பார்கள். தலைவர் சகாதேவனுக்குக் கழுவெளிப் பக்கம் நல்ல விளைச்சலுள்ள உப்பளம். தீபாவளிக்குப் பட்டாசுக் கடை, சித்திரை வெயிலில் மோர்ப் பந்தல், டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டு என்று கிளப்பின் ஆண்டு சுற்றிவரும். பட்டாசு பாதிக்குப் பாதி மழையில் நமத்துப்போகும், மோர்ப் பந்தல் வெறும் செலவு. டிசம்பர் பாட்டுதான் காய்க்கிற மரம். கிளப்பில் கிறிஸ்தவர்கள் நாலைந்து பேர்தான் என்றாலும் வசூலுக்கு மதம் ஏது? குட்டியானை வண்டியில் சீரியல் விளக்கு, ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு, தாத்தாவை முன்னால் ஆடவிட்டுத் தெருத்தெருவாகப் போவார்கள். அந்தப் பணத்தில், அடுத்த ஐப்பசி கார்த்திகையில் பாத்திகளெல்லாம் மழைநீரில் மூழ்கி உப்பு வேலை நின்றுபோகும்போது, தொழிலாளி வீடுகளுக்கு வீட்டுக்கொரு சிப்பம் அரிசி. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று கேலி பேசியவர்களும் அந்த அரிசியைத்தான் பொங்கித் தின்றார்கள்.

பிரிட்டோ சகாதேவன் அளத்தில் உப்பை வாரிச் சேர்க்கும் வாருபலகை பிடித்தவன். ஆறடி உயரம், ஆட்டம் நன்றாக வரும், டிசம்பரில் வேலையும் இருக்காது. ஆகவே தாத்தா வேடம் அவனுக்கே போனது. சிவப்பு உடுப்பு, வயிற்றுக்குத் தலையணை, சிரித்த மாதிரியே இருக்கும் பிளாஸ்டிக் முகமூடி, இடுப்பில் தகர உண்டியல். உண்டியலை நைலான் கயிற்றால் இடுப்பைச் சுற்றி முடிச்சுமேல் முடிச்சாகக் கட்டிவிடுவது கிளப்பின் வழக்கம். வழியில் யாரும் அதில் கைவைக்கக் கூடாது, கைவைத்ததாக யாரும் சொல்லவும் கூடாது. முடிச்சைப் பொருளாளர்தான் போடுவார், அவர்தான் அவிழ்ப்பார். பிரிட்டோ இதை அவமானமாக நினைக்கவில்லை. ஊர்ப்பணம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பெண்டாட்டி பவுலினிடம் பெருமையாகவே சொல்லிக்கொள்வான்.

அவன் மூழ்கியது கொரோனா வருவதற்கு முந்தைய டிசம்பரில். கடைசி நாள் பாட்டு முடிந்து, முதலாளி ஒருவரின் பங்களாவுக்குப் போக அளத்துக் கரைமேல் வண்டி வந்தபோது கரை உடைந்தது. வண்டி சாய்ந்தது. எல்லோரும் குதித்து, ஆளை இழுக்கிற மழைவெள்ளத்தில் தத்தளித்து மேடேறினார்கள். நீந்தத் தெரியாத கீபோர்டுக்காரன்கூடப் பிழைத்தான். எல்லோரையும்விட நன்றாக நீந்துகிற பிரிட்டோ மட்டும் போய்விட்டான், ஏனென்றால் உண்டியல் நிரம்பியிருந்தது. அன்றைக்கு மழைக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்ட பொருளாளர் விஷயம் கேட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். நிஜமாகத்தான் அழுதார். தீயணைப்புக்காரர்களும் குப்பத்து ஆட்களும் முகத்துவாரம்வரை தேடினார்கள். வண்டி கிடைத்தது, ஸ்பீக்கர் கிடைத்தது, பிரிட்டோ கிடைக்கவில்லை.

பிள்ளை இல்லாத வீடு. பவுலின் அந்த வீட்டில் தனியாக இருந்தாள், அழுதாள், தை பிறந்து பாத்தி காய்ந்ததும் மறுபடி உப்புச் சட்டியைத் தலையில் தூக்கினாள். பங்குச் சாமியார் அவனுக்காகப் பூசை வைத்தார். கல்லறையில் மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. "பூசைக்கு உடம்பு வேணாம்மா. மண்ணு போடறதுக்கு வேணும்ல?" என்றார் சாமியார். நவம்பரில் கல்லறைத் திருநாளன்று எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றியபோது, எந்த மண்மேல் ஏற்றுவது என்று தெரியாமல் பவுலின் மெழுகுவர்த்தியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். அது கைவரை உருகி வழிந்தது.

மறு டிசம்பரில் அவன் வந்தான். கிளப்காரர்கள் வேறு ஆள் பேசி, புது உடுப்பும் வாங்கியிருந்தார்கள். பாலத்தருகே வண்டி வேகம் குறைந்தபோது, பழைய உடுப்போடு, அதே முகமூடியோடு, அதே உண்டியலோடு பிரிட்டோ கரையேறி வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். உடுப்பிலிருந்து தண்ணீர் ஒழுகியது. புது ஆள் இறங்கிக்கொண்டான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டிரைவர் மட்டும் சீட் நனையாமல் இருக்கத் தார்ப்பாய் எடுத்துப் போட்டான். அந்த ஆண்டு ஊரே மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு திரிந்ததால், முகமூடி போட்ட ஒருவன் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. தாத்தா எப்போதும் பேச மாட்டார், ஆடுவார், கை குலுக்குவார், மிட்டாய் கொடுப்பார். இவனும் அதையே செய்தான். கை மட்டும் ஐஸ் பெட்டியில் கிடந்த மீன் மாதிரி இருந்தது, மிட்டாய் கரித்தது. பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. பெரியவர்கள்தான் தடுமாறினார்கள். உயிரோடிருப்பவனிடம் சில்லறை இல்லை என்று சொல்லிவிடலாம், செத்தவன் நீட்டுகிற உண்டியலைப் பார்த்து அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பத்து போட்டவர்கள் ஐம்பது போட்டார்கள், ரிசார்ட்காரர்கள் ஐந்நூறாகப் போட்டார்கள். கடைசி நாள் பாட்டு முடிந்ததும் பொருளாளர் உண்டியலைக் கவிழ்த்துக் காலி செய்துகொண்டார். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், அது இறுகி உடம்புக்குள் போயிருந்தது. விட்டுவிட்டார். பிரிட்டோ பாலத்தருகே இறங்கி, வந்த வழியே தண்ணீருக்குள் போனான். வருகிற மழையில் நாற்பது வீட்டுக்கு அரிசி உண்டு என்று கிளப் அறிவித்தது. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று சகாதேவன் மேடையில் பேசினார். சீதக்காதி வள்ளல், தன் சொத்தைக் கொடுத்தவர். பிரிட்டோவுக்கு இருந்தது ஒரு உடம்பு, அதைத்தான் கிளப் வைத்துக்கொண்டது.

அவன் வந்து வண்டியேறியதை முதலில் பவுலினிடம் யாரும் சொல்லவில்லை. பாட்டு தொடங்கிய இரண்டாம் நாள் எதிர்வீட்டு மேரிசெல்விதான் பொறுக்காமல் சொன்னாள். மறுநாள் மாலை வண்டி அவர்கள் தெருவுக்கு வந்தபோது பவுலின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஆட்டத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டாள். இடது தோளைக் கொஞ்சம் இறக்கி ஆடுவான், வாருபலகை இழுத்த தோள். வண்டி நிற்காமல் போனது. சாவு விழுந்த வீட்டில் அந்த ஆண்டு ஸ்டார் கட்ட மாட்டார்கள், கேக் வெட்ட மாட்டார்கள், பாட்டு வண்டியும் நிற்காது. தனக்காகவே துக்கம் காக்கிற வீட்டை பிரிட்டோவும் மரியாதையாகக் கடந்து போனான்.

அடுத்த ஆண்டு பவுலின் ஸ்டார் வாங்கிக் கட்டினாள். உள்ளே பல்பு போட்டாள். வண்டி வந்தது, மெதுவாகவும் போனது, தாத்தாவின் முகமூடி அவள் வாசல் பக்கம் திரும்பியது. பிறகு தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். நிலைக்காலின் வலது மூலையில் மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. அரிசி கொடுத்த வீட்டில் கிளப் அதை ஒட்டிவிடும். சில ஆண்டுகளுக்கு முன், அரிசி வாங்கிய ஒருத்தியிடமே வசூலும் கேட்டு ஊர் சிரித்தபிறகு வந்த ஏற்பாடு அது. வாங்குகிற வீட்டில் வசூல் கேட்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் வைத்த விதிதான். அதை எல்லோரையும்விடக் கறாராகப் பிடித்தவன் பிரிட்டோ. பவுலின் வண்டியின் பின்னால் ஓடினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் பாலன் பிறந்துகொண்டிருந்தார். அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவள் சாமியாரிடம் போனாள். "எங்க ஊரு பக்கம் ஒண்ணு சொல்லுவாங்க. சொந்தக்காரங்க வாயால போதும்னு கேட்டாத்தான் செத்தவங்க படுப்பாங்கன்னு. திருச்சபை அதை ஏத்துக்கல, வேணாம்னும் சொல்லல," என்றார். பவுலினுக்கு அது போதும். ஒரே ஒரு தடவை அவன் தன் வாசலில் நின்றால் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு அவள் வேறெதற்காகவும் வாழ்ந்ததாகத் தெரியவில்லை.

அளத்தில் சகாதேவனிடம் கேட்டாள். "மொதலாளி, இந்த வருஷம் எனக்கு அரிசி வேணாங்க. ஸ்டிக்கரும் வேணாங்க."

சகாதேவன் கெட்டவர் அல்ல. அதுதான் சங்கடம். செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டே, "ஏம்மா, உன் புருஷன் பேர்ல வர்ற அரிசி, உனக்கில்லாம யாருக்கு?" என்றார்.

"அவரு வூட்டுக்கு வரணுங்க."

"வந்தா திரும்பிப் போவானா?"

பவுலின் உப்புச் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். சகாதேவனுக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஐப்பசியில் அவள் இல்லாத நேரம் பார்த்து, சிப்பத்தை வாசலில் இறக்கி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்கள். அவள் சுரண்டினாள். காகிதம் வந்தது, மஞ்சள் வரவில்லை. மரத்துக்குள் ஊறிவிட்டிருந்தது. சிப்பத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு, கல்யாண மண்டபத்தில் நடந்த கிளப்பின் நலத்திட்ட விழாவுக்கே போனாள். சிறப்பு விருந்தினர், பொன்னாடை, நாற்காலி வரிசை எல்லாவற்றையும் தாண்டி மேடையேறி, "இது எனக்கு வேணாங்க" என்று சிப்பத்தைச் சிறப்பு விருந்தினரின் கையில் திணித்தாள். அவர் தடுமாறிப் பிடித்துக்கொண்டார். சகாதேவனும் பொருளாளரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். போட்டோக்காரர் இங்க பாருங்க என்றார், எல்லோரும் பழக்கத்தில் பார்த்தார்கள். கொடுக்கிற படமும் திருப்பித் தருகிற படமும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பேருந்து நிலையத்தின் எதிரே வைத்த ஃபிளெக்ஸில், மறைந்த பிரிட்டோவின் மனைவிக்கு அரிசி வழங்கியபோது என்று எழுதியிருந்தது. அந்த டிசம்பரிலும் வண்டி நிற்கவில்லை. சிப்பம் அவளுக்கு முன்பே வீடு திரும்பியிருந்தது.

இதற்குள் நாற்பது வீடு ஐம்பத்தைந்து ஆகியிருந்தது. பிரிட்டோவின் உடுப்பு பல இடங்களில் கிழிந்து, கிழிசல் வழியே தெரிந்ததைப் பார்க்காமல் இருக்க ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். வலது காலை இழுத்து இழுத்து ஆடினான். வீட்டுக்கு வீடு ஆட்டம் குறைந்தது, பரிதாபம் கூடியது, வசூலும் கூடியது.

அவன் வருகிற நான்காவது டிசம்பருக்கு முன், பவுலின் கடப்பாரை இரவல் வாங்கி, நிலையையும் கதவையும் சுவரிலிருந்து பேர்த்தெடுத்தாள். வேப்பமரம். அவர்கள் கல்யாணத்துக்கு பிரிட்டோவின் அப்பா போட்டுக் கொடுத்தது. பிளந்து அடுப்பில் வைத்தாள். ஸ்டிக்கர் ஒட்டிய துண்டு மட்டும் மஞ்சளாக எரிந்தது. கதவிருந்த இடத்தில் வெறும் பொந்து. அதில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டாள். ஸ்டிக்கர் ஒட்ட வந்தவர்கள் ஒட்ட இடமில்லாமல் திரும்பிப் போனார்கள். அரிசியை அவள் வாசலில் நின்று, கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் என்றாள். ஐப்பசி கார்த்திகை முழுக்க இறால் பண்ணையில் வலை கழுவி, ஒருவேளை சாப்பிட்டாள்.

ஊருக்கு விஷயம் புரிந்தது. வண்டி வருகிற அன்று மத்தியானம் அரிசி வாங்குகிற வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. மேரிசெல்விதான் பேசினாள்.

"அவரு ஆடுனாத்தான் எங்க வூட்ல உலை கொதிக்குது. உனக்குத் தெரியாதா பவுலினு?"

"தெரியும்."

"இன்னும் ரெண்டு வருஷம் போவட்டும். பசங்க தலையெடுத்துடுவாங்க."

"உன் வூட்டுக்காரரு செத்தப்புறம் வேலைக்கு அனுப்புவியா மேரி?"

மேரிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "அனுப்புவேன்டி," என்றாள். "புள்ளைங்க பசியில கெடந்தா அனுப்புவேன்."

பவுலினுக்குக் கோபம் வரவில்லை. தானும் அனுப்பியிருப்பாள் என்று தோன்றியது. பிள்ளை இல்லாததால் தனக்கு இந்த நியாயம் வாய்த்தது என்றும் தோன்றியது. அந்த நினைப்பு அவளை அறுத்தது, ஆனாலும் அவள் எழுந்து போய் ஸ்டாருக்குள் பல்பை மாட்டினாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

விளக்கு வைத்த சற்று நேரத்தில் வண்டி வந்தது. நிறுத்தக் கூடாது என்று டிரைவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள், அவனும் நிறுத்தவில்லை. பிரிட்டோவே இறங்கினான். ஸ்டார் இருந்தது, ஸ்டிக்கர் இல்லை. விதிப்படி இது வசூல் வீடு. காலை இழுத்துக்கொண்டு சேலைத் திரை முன்னால் வந்து நின்று ஆடினான். கையை நீட்டினான். அவள் கொடுத்தாள். அவன் குலுக்கினான், கரிக்கிற மிட்டாய் ஒன்றை உள்ளங்கையில் வைத்தான், உண்டியலை நீட்டினான். எல்லா வீட்டுக்கும் செய்வதையே செய்தான். வாசலில் நிற்பது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. நாலு வருஷம் அவள் எத்தனையோ நினைத்திருந்தாள், இதை நினைக்கவில்லை. பத்து ரூபாயை உண்டியலில் போட்டாள், வீட்டிலிருந்து அரிவாளை எடுத்து வந்தாள், இடுப்புக்குள் இறங்கியிருந்த கயிற்றைத் தேடிப் பிடித்து அறுத்தாள். உண்டியல் மண்ணில் விழுந்தது.

"போதுங்க," என்றாள். "உள்ள வாங்க."

வண்டியிலிருந்து சகாதேவன், "பவுலினு, இன்னும் சாலைத் தெரு, ரிசார்ட்டு எல்லாம் பாக்கி இருக்குதும்மா," என்றார். அதட்டலாக இல்லை, கெஞ்சலாகத்தான் சொன்னார். பவுலின் உண்டியலைத் தூக்கிக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்தாள். "இது உங்களுது மொதலாளி," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து சேலையை விலக்கிப் பிடித்தாள். பிரிட்டோ தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தான். இடிக்க நிலை இல்லாதபோதும், உயரமானவன் பழக்கம்.

முகமூடியை அவள்தான் கழற்றினாள். அவன் போன அன்று இருந்தபடியே முகம் இருந்தது, நனைந்திருந்தது, அவ்வளவுதான். "சோறு இருக்குதா?" என்று கேட்டான். இருந்தது, அவள் சம்பாதித்த அரிசி. மீன் குழம்பு ஊற்றினாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவிய தண்ணீரைக் கண்டதும் கொஞ்சம் பயந்தான். அவள் முந்தானையால் கையைத் துடைத்துவிட்டாள். பாய் போட்டாள், படுத்தான். காலையில் பார்த்தபோது, எல்லாச் செத்தவர்களையும்போல அவனும் செத்திருந்தான்.

முறைப்படி அடக்கம் செய்தார்கள். கல்லறையில் எந்தத் தேதியைப் போடுவது என்று சாமியாருக்கும் உபதேசியாருக்கும் பேச்சு வந்தது. தேதி போடாமல் பேர் மட்டும் எழுதினார்கள். கிளப் மலர்வளையம் வைத்தது. உடுப்பு கிளப் சொத்து என்று பொருளாளர் ஆள் அனுப்பிக் கேட்டார். பவுலின் துவைத்துக் கொடுத்தாள், அது கடைசிவரை காயவில்லை.

அந்த டிசம்பர் வசூல் பாதியில் நின்றதால், அடுத்த மழைக்குப் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்குத்தான் அரிசி வந்தது. மேரிசெல்வியின் வீடு அதில் இல்லை. அவளுடைய பெரியவன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சென்னைக்கு ஓட்டல் வேலைக்குப் போனான். மேரிசெல்வி பவுலினிடம் பேசுவதை நிறுத்தினாள். பவுலின் தன் அரிசியில் பாதியைக் கொண்டுபோய் அவள் வாசலில் வைப்பாள். அது காலையில் திரும்பி வந்திருக்கும்.

அதே மழையில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. பாத்தியும் கரையும் ஒன்றாகப் போயின. புயல் வடிந்து பத்து நாள் கழித்து, கிளப்காரர்கள் ஈர உடுப்பை வண்டியின் பக்கப் பலகையில் தொங்கவிட்டு, சாயங்காலத்தில் வண்டியைப் பாலத்தருகே நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள். எதற்கு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் ஒருவன் கரையேறி வந்து உடுப்பை மாட்டிக்கொண்டான். பொருளாளர் புதுக் கயிறு கொண்டுவந்திருந்தார்.

இவன் குள்ளம், அங்கி முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஆட்டம் வரவில்லை, நின்ற இடத்தில் ஆடி அசைந்தான், படகில் நிற்பவன் மாதிரி. ஆனாலும் ஊர் போட்டது. பவுலின் வீட்டில் இப்போது வண்டி நிற்கும். அவள் பணம் போட்டுவிட்டு, நீட்டிய கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை முழுக்க வலை இழுத்த காய்ப்பு.

"நீங்க எந்த ஊரு? வூட்ல யாரு இருக்காங்க?"

அவன் மிட்டாயைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். கிளப்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

மறுநாள் காலை பவுலின் கரையோரமாகத் தெற்கே நடந்தாள். குப்பம் குப்பமாக நின்று, புயலன்று போய்த் திரும்பி வராதவர் வீடு எது என்று கேட்டாள். அனுமந்தைக் குப்பத்தில் காட்டினார்கள். தேசப்பன் என்று ஒருவர், படகை இழுத்துக் கட்டப் போனவர், வரவில்லை. பெண்டாட்டி சரஸ்வதி வாசலில் குந்தியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பிரிக்காத அரிசிச் சிப்பம் ஒன்று இருந்தது. கிளப்பிலிருந்து நேற்றே வந்து கொடுத்துவிட்டுப் போனதாகவும், நல்ல மனுஷங்க என்றும் சொன்னாள்.

பவுலின் நிலையைத் தடவிப் பார்த்தாள். ஸ்டிக்கரின் பசை இன்னும் காயவில்லை.

"வூட்ல கடப்பாரை இருக்குதாம்மா?" என்று கேட்டாள்.